கொறடாவுக்குக் கட்டுப்பட்ட நாடாளுமன்றம்

1957 டிசம்பரில் மக்களவையில் எழுந்த ஒரு கேள்வி, இரண்டே மாதங்களில் நாட்டின் நிதியமைச்சரை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது எல்ஐசி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலிசிதாரர்களின் பணத்தில் சுமார் ரூ.1.25 கோடியை ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அது கொட்டியிருந்தது. முதலீட்டுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைக் கிளறி எடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ரேபரேலியின் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி.சாக்ளாவின் விசாரணை பம்பாயில் மக்கள் முன்னிலையிலேயே நடந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினருக்கு, அரசைக் கேள்வி கேட்பது தன் வேலை என்ற எண்ணம் இருந்தது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசமைப்புச் சட்டத்தின் 75-வது பிரிவு சொல்வதன் பொருளும் அதுதான். அவை நம்பும்வரைதான் அரசு. இன்று இந்த உறவு தலைகீழாகிவிட்டது. அரசு முடிவெடுத்த பிறகு கூடிக் கலையும் இடமாக அவை சுருங்கிவிட்டது.

வரவு செலவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மக்களின் வரிப்பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அவையின் அனுமதியில்லாமல் செலவழிக்க முடியாது. நாடாளுமன்றத்தின் ஆதி அதிகாரம் இது. ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் விவாதிக்கப்பட்டு நிறைவேற வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடியாதவற்றை அவைத் தலைவர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடலாம். நாடாளுமன்ற வழக்கில் இதற்குப் பெயர் கில்லட்டின். விவாதித்துத் தீராத மிச்சத்துக்காக வந்த ஏற்பாடு இது. 2018 மார்ச்சில் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு அமைச்சகத்தைப் பற்றியும் விவாதிக்காமல் எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறின. 2023 மார்ச்சில் சுமார் ரூ.45 லட்சம் கோடிக்கான திட்டம் அமளிக்கு நடுவே சில நிமிடங்களில் ஒப்புதல் பெற்றது. பாதுகாப்பு, ரயில்வே, கல்வி, சுகாதாரம் எல்லாம் அதில் அடக்கம். காங்கிரஸ் ஆட்சியில் 2013-லும் இப்படித்தான் நடந்தது.

2018-ல் விவாதமின்றி நிறைவேறிய நிதி மசோதாவுக்குள் ஒரு திருத்தம் இருந்தது. அரசியல் கட்சிகள் வாங்கிய சில வெளிநாட்டு நன்கொடைகளை 1976 வரை பின்னோக்கிச் சென்று சட்டபூர்வமாக்கிய திருத்தம் அது. பாஜக, காங்கிரஸ் இரண்டுமே அந்நிய நன்கொடைச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருந்தது. நாற்பது ஆண்டுக் கணக்கைத் துடைத்தெறிந்த இந்தத் திருத்தத்தைப் பற்றி மக்களவையில் ஒருவரும் பேசவில்லை. அவை பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அமளிக்கு எதிர்க்கட்சிகளும் பொறுப்பு. அவை நடக்காத நாள் அரசுக்கு இழப்பு என்று அக்கட்சிகள் நினைக்கின்றன. உண்மையில் அது அரசுக்குக் கிடைக்கும் விடுமுறை. அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதில்லை, மசோதாவோ நிறைவேறிவிடுகிறது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தபோதுதான் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த மூன்று சட்டங்கள் நிறைவேறின. காவல் நிலையத்துக்குள் காலடி வைக்கும் ஒவ்வொருவரையும் தொடும் சட்டங்கள் அவை. எதிர்வரிசை பெரும்பாலும் காலியாக இருந்தது.

ஆனால், நோயின் வேர் அமளியில் இல்லை. அது ஆளுங்கட்சி வரிசையில் இருக்கிறது. 1985-ன் தொடக்கத்தில், நானூறுக்கும் மேற்பட்ட இடங்களுடன் வந்த ராஜீவ் காந்தி அரசு, கட்சித் தாவல் தடைச் சட்டத்தை அரசமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்த்தது. விலைபோகும் உறுப்பினர்களைப் பார்த்து மக்கள் சலித்திருந்த காலம் அது. நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால், கட்சி மாறினால் பதவி போகும் என்பதோடு சட்டம் நிற்கவில்லை. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி எந்த ஒரு மசோதாவில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகும் என்றது.

அன்றிலிருந்து தன் கட்சி உறுப்பினரைச் சம்மதிக்க வைக்கும் தேவை எந்த அமைச்சருக்கும் இல்லை. தன் தொகுதி விவசாயியைப் பாதிக்கும் மசோதா என்று உறுப்பினருக்குத் தெரிந்தாலும், கை தூக்கித்தான் ஆக வேண்டும். தாவலையாவது இந்தச் சட்டம் தடுத்ததா? 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தில் காங்கிரஸின் 22 சட்டமன்ற உறுப்பினர்கள் மொத்தமாகப் பதவி விலகினார்கள். கமல்நாத் அரசு கவிழ்ந்தது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது. மனசாட்சிப்படி தனியாக எழுந்து நிற்கிறவருக்குத்தான் தண்டனை. பிரிட்டனிலும் கொறடா உண்டு. ஆனால், 2013 ஆகஸ்டில் சிரியா மீது ராணுவ நடவடிக்கைக்கு வழிவிடும் தீர்மானத்தை டேவிட் கேமரூன் அரசு கொண்டுவந்தபோது, அவர் கட்சியின் 30 உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். 285-க்கு 272 என்று தீர்மானம் தோற்றது. ஒருவரும் பதவி இழக்கவில்லை, அரசும் கவிழவில்லை. பிரதமர் அவையின் முடிவை ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

கொறடாவின் கை எட்டாத இடம் ஒன்று நம்மிடமும் உண்டு. 1993-ல் உருவான துறைவாரி நிலைக்குழுக்கள் அவை. கேமரா கிடையாது, கட்சி உத்தரவு கிடையாது. செயலர்களையும் நிபுணர்களையும் பாதிக்கப்படும் மக்களின் பிரதிநிதிகளையும் எதிரே உட்கார வைத்து, மசோதாவைப் பிரிவு பிரிவாகக் கேட்கலாம். ஆளுங்கட்சி உறுப்பினரே அங்கே அதிகாரியைத் துருவி எடுப்பார். அந்த இடத்தைத்தான் ஆட்சியாளர்கள் இப்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள். 15-வது மக்களவைக் காலத்தில் 71% மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. அடுத்த அவையில் அது ஏறக்குறைய கால் பங்கானது; 2019-24 மக்களவையில் 16%. அந்த அவை மொத்தம் கூடியதே 274 நாட்கள். முதல் மக்களவை கூடியது 677 நாட்கள். 2019-24 காலம் முழுக்கத் துணைத் தலைவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அதற்கு முந்தைய அவையில் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் தம்பிதுரை. ‘கூடிய விரைவில்’ தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு.

மாநிலங்களவையில் எண்ணிக்கை போதாதபோது வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டது. 2016-ல் ஆதார் சட்டம் பண மசோதாவாக வந்தது. பண மசோதா என்றால் மாநிலங்களவை பரிந்துரைக்க மட்டுமே முடியும். அது பரிந்துரைத்த திருத்தங்களை மக்களவை அன்றே தள்ளுபடி செய்தது. இப்படிப் பண மசோதாவாக்கியதை அரசமைப்பின் மீதான மோசடி என்றே உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் தனித்து எழுதினார் நீதிபதி சந்திரசூட். பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை.

வேளாண் சட்டங்களின் கதையில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தன. 2020 ஜூன் 5 அன்று, ஊரே முடங்கிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்தில், மூன்றும் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் ரத்து. மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய உறுப்பினர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். வாக்குகளை எண்ணும்படி கேட்டார்கள். ஓர் உறுப்பினர் கேட்டாலும் எண்ண வேண்டும் என்பது நடைமுறை. உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே இரண்டு மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. யார் பக்கம் எத்தனை பேர் என்பது கடைசிவரை தெரியாமலே போனது.

அவைக்குள் நடக்காத விவாதம் டெல்லியின் எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்தது. கடும் குளிரில் விவசாயிகள் டிராக்டர்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். பிறகு 2021 நவம்பர் 29 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதுவும் விவாதமில்லாமல், இரு அவைகளிலும் ஒரே நாளில். ஏன் கொண்டுவந்தோம், ஏன் கைவிடுகிறோம் என்று அவைக்கு விளக்கும் கடமைகூட இருப்பதாக அரசு கருதவில்லை. அந்தச் சட்டங்கள் நல்லவை என்று நம்புகிறவர்களுக்கும் இது இழப்புதான். குழுவில் ஆறு மாதம் அலசியிருந்தால் அவற்றில் ஏதேனும் ஒரு பகுதியாவது பிழைத்திருக்கும்.

டெல்லியைச் சொல்லிவிட்டுக் கோட்டையைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. முதல்வராக ஜெயலலிதா பேரவை விதி 110-ன் கீழ் திட்டங்களை வரிசையாக அறிவித்தது தமிழகத்துக்கு நினைவிருக்கும். அந்த விதியின் கீழ் வாசிக்கப்படும் அறிக்கை மீது விவாதம் கிடையாது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் திட்டம் அவையில் அறிவிக்கப்படும், மேசைகள் தட்டப்படும், எங்கிருந்து பணம் என்று கேட்க வழியில்லை. ஆட்சிகள் மாறின, கேள்வியின்றி அறிவிக்கும் வசதியை யாரும் வெறுக்கவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் குவிந்து நிறைவேறுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பேரவை நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்டபோது, மக்கள் மன்றத்தின் மாண்பு பற்றித் தமிழகம் உரக்கப் பேசியது, சரியாகவே பேசியது. அந்த மசோதாக்கள் பேரவையிலேயே விரிவாக அலசப்பட்டிருந்தால் அந்தக் குரலுக்கு இன்னும் வலு இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது என்ன என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல. நம்பிக்கை வாக்கெடுப்பில் கட்சியை மீறினால் மட்டும் பதவி பறிபோகட்டும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிவிட்டது. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவை. எந்த ஆளுங்கட்சியும் கொறடாவின் பிடியைத் தானாகத் தளர்த்தாது என்பதால், தேர்தல் அறிக்கைகளில் இந்த வாக்குறுதியைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் வாக்காளர்கள். குழுக்களுக்கு மசோதாவை அனுப்புவதற்கு அந்தத் தடைகூட இல்லை. அவைகள் தம் நடைமுறை விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். கேரளப் பேரவையில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்கள் அவற்றின் பார்வைக்குப் போகின்றன. தமிழகப் பேரவை அதேபோல் ஒரு விதியைச் சேர்ப்பதற்கு டெல்லியின் ஒப்புதல் தேவையில்லை, ஆளுநரின் கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யலாம்.