வன்னி மண்ணில் மிதிவெடி: தோட்டத்து மக்களுக்கு அது அந்நியக் கதையல்ல

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால், வன்னியில் புதைத்த மிதிவெடிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1ஆம் தேதிக்குள் நிலம் முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும். அது எட்டுமா என்பதே இப்போதைய கேள்வி.

சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. திருச்சி, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய மக்களில் ஒரு பகுதியினர் இங்கே பால்மரம் வெட்ட வந்தார்கள். இன்னொரு பகுதியினர் இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போனார்கள். 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பிய மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் குடியேறின. பாதுகாப்புத் தேடி அவர்கள் போன மண்ணே பின்னர் போர்க்களமானது.

நெகிரி செம்பிலான் முதியவர்களுக்கு 1948இல் தொடங்கிய அவசரகாலம் நினைவிருக்கும். முள்வேலிக்குள் லயம், இரவில் ஊரடங்கு. 1960இல் அவசரகாலம் முடிந்தது, தடைகள் நீங்கின. மிதிவெடி அப்படி எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாது. விறகுக்கும் பழைய இரும்புக்கும் காட்டுக்குள் போகும் ஏழையின் காலுக்காக அது காத்திருக்கும்.

அகற்றும் வேலை எளிதன்று. பல மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. புலிகள் தயாரித்த 'ஜொனி' வகைக்கு உறையே மரப்பலகைதான். அதனால் கருவியை மட்டும் நம்ப முடியாது. பல இடங்களில் மண்ணை வாரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிப் பார்க்கிறார்கள். 2000 முதல் 2009 தொடக்கம் வரை போர்முனையாக இருந்த முகமாலையில் இவ்வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். கணவனைப் போரில் இழந்து, குடும்பத்தைத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களின் சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் நடக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் கண்ணிவெடி அகற்றும் பணியும் ஆட்டம் கண்டது. நிதி நின்றால் பயிற்சி பெற்ற கைகள் கலைந்துவிடும். அவர்களை மீண்டும் சேர்ப்பதற்குள் காலக்கெடு ஓடிவிடும்.

நிலம் சுத்தமானாலும் பிரச்சினை முடியாது. பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு அந்த நிலம் திரும்பக் கிடைக்குமா? தோட்டம் விற்கப்பட்டதும் லயத்தைக் காலி செய்து வெளியேறிய நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும்.

மலேசியா 1999இலேயே இந்த ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. 2001 ஜனவரியில் தன் கையிருப்பிலிருந்த 94,000க்கும் மேற்பட்ட மிதிவெடிகளை அழித்து முடித்தது. சொன்னதைச் செய்த நாடு என்ற முறையில், வன்னிக்கான நிதி வற்றாமல் இருக்கக் குரல் கொடுக்கும் தகுதி அதற்கு உண்டு. அந்தக் குரலை எழுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை இங்குள்ள தமிழர்களுக்கும் உண்டு. 2028 வரை காத்திருந்து கேட்பதில் பயனில்லை.