நின்ற வண்டியும் இழந்த போனசும்

ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டுச் சென்ற காரை யாரோ ஒருவர் இடித்துவிடுகிறார். காரில் ஆள் இல்லை, என்ஜின் ஓடவில்லை, உரிமையாளர் வகுப்பறையிலோ சந்தையிலோ இருக்கிறார். குற்றம் யாருடையது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமே இல்லாத விபத்து ஒன்று உண்டெனில் அது இதுதான். அப்படியிருந்தும் நம் நாட்டுக் காப்பீட்டு நடைமுறையில் இதற்குத் தண்டம் செலுத்துபவர் இடிபட்டவரே. இது தற்செயலாக நேர்வதன்று. விதிகளே அவ்வாறு அமைந்துள்ளன என்பதே எமது குற்றச்சாட்டு.

'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் தொடரையே எடுத்துக்கொள்வோம். 'கோராமைக்கு வெகுமதி' என்று அதைத் தமிழாக்கலாம். தவறு செய்யாமைக்கு வெகுமதி அன்று, கோராமைக்கு வெகுமதி! சொல்லிலேயே சூட்சுமம் இருக்கிறது. 2002 இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பு, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறுவரிசையில் தள்ளுபடி வகுத்தது. 2007 இல் சொந்தச் சேதத்துக்கான பிரிமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றான பின்னும் இந்தப் படிவரிசை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒரேயொரு முறை கோரினால் ஏணியின் அடிக்கு வந்துவிட வேண்டும். விபத்து எப்படி நேர்ந்தது என்று கோரிக்கைப் படிவம் விரிவாகத்தான் கேட்கிறது. அந்த விடையைப் போனஸ் கணக்குப் பார்ப்பதே இல்லை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சொந்தச் சேதப் பிரிமியம் 10,000 ரூபாய். ஐம்பது விழுக்காடு தள்ளுபடியில் 5,000 செலுத்தி வருகிறீர்கள். பின்பக்க பம்பர் உடைகிறது. விலை 8,000, பெயின்ட் 4,000, கூலி 2,000, ஆக 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் பிளாஸ்டிக், புதுக் காரே ஆனாலும் பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழியும். பெயின்ட் கட்டணத்தில் கால்பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு அதிலும் பாதியைக் கழிப்பார்கள். கட்டாயக் கழிவாக மேலும் 1,000 (1500 சி.சி.க்கு மேற்பட்ட என்ஜின் எனில் 2,000). கைக்கு வருவது 8,500. அடுத்த ஆண்டு பிரிமியம் 10,000. பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என இறங்கி ஆறாம் ஆண்டில்தான் பழைய 5,000. அடிப்படைப் பிரிமியம் மாறாதிருப்பின் மிகையாகச் செலுத்தியது 12,500. அதாவது 8,500 ரூபாய் பெறுவதற்கு 12,500 ரூபாய் விலை! இந்தக் கணக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள்தாம், "கிளெய்ம் போடாதீங்க சார், கையில இருந்தே குடுத்துடுங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். காப்பீடு வைத்திருப்பவனுக்குக் காப்பீட்டைப் பயன்படுத்தாதே என்பது அறிவுரையாகிவிட்டது.

தேய்மானத்தைத் தவிர்க்கத் தனிப் பிரிமியம் உண்டு ('பம்பர் டு பம்பர்' என்பது அதன் பேச்சுவழக்குப் பெயர்). போனஸைக் காக்க இன்னொரு தனிப் பிரிமியம். பிறர் செய்யப்போகும் தவறுக்கு நாமே முன்பணம் கட்டுவதைப் 'பாதுகாப்பு' என்று அழைக்க எங்களுக்கு நா எழவில்லை.

இடித்தவரின் காப்பீடு எங்கே போயிற்று என்று கேட்கலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். சொத்துச் சேதமும் அதில் அடங்கும். எங்கள் துறை நண்பர் ஒருவரின் காரை, பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி ஒன்று பகல் பதினொரு மணிக்கு இடித்தது. லாரி எண் கிடைத்தது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதும் கிடைத்தது. நண்பரின் காப்பீட்டு அலுவலகம் சொன்ன மறுமொழி: "உங்கள் பாலிசியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம்." எதிர்த்தரப்பிடம் பெற வேண்டுமெனில் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம், வழக்கறிஞர், வாய்தா. பதினாலாயிரத்துக்காக யார் அலைவார்? அலையமாட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இடித்தவர் எவரென்றே தெரியாவிட்டால் அந்த வழியும் இல்லை. அடித்துவிட்டு ஓடும் வண்டிகளுக்கான அரசுத் திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் (2022 முதல்) வழங்குகிறது. வண்டிச் சேதத்துக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு முன்னுரிமை தருவதில் எமக்கு மறுப்பில்லை.

உண்மையான அநீதி இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. இழப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கு, அத்தொகையை இடித்தவரிடமிருந்து மீட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் நிறுவனங்கள் தமக்குள் 'நாக் ஃபார் நாக்' என்றோர் உடன்பாடு வைத்துக்கொள்கின்றன: அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவரே தீர்ப்பது, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடாதிருப்பது. நிறுவனங்களுக்கு இதில் செலவு மிச்சம், நியாயமான ஏற்பாடே. ஆனால் மீட்கும் உரிமையைக் கைவிட்டவர் நிறுவனத்தார், போனஸை இழப்பவர் வண்டிக்காரர். அவர் அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவரல்லர். அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"விலக்கு அளித்தால் தூணில் தானே இடித்துக்கொண்டவனும் எவனோ இடித்தான் என்பானே?" என்பர். சொல்வான்தான். ஆகவே எல்லாக் கோரிக்கைக்கும் விலக்குக் கேட்கவில்லை. இடித்த வண்டியின் எண் தெரிந்து, காவல்நிலையப் பதிவோ கேமராப் பதிவோ இருந்து, கார் நின்றுகொண்டிருந்தது என்பதைச் சர்வேயரும் ஏற்றுக்கொண்டால் போனஸைத் தொடாதீர்கள் என்கிறோம். தெருவில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்போருக்கு நம் ஊர்த் தெருக்களே விடை சொல்லும்.

மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அவன் சிலை நிற்கிறது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. தேரைச் செலுத்தியவன் யார் என்றுதான் அரசன் கேட்டான். இத்தனை காலம் மணியடிக்காதிருந்தாயே, இன்று அடித்ததால் உன் புல்லுக்கட்டில் பாதியை நிறுத்திவிட்டோம் என்று பசுவிடம் சொன்னதாகத் திருவாரூரில் எவரும் கதை சொல்வதில்லை.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இதற்குப் பரிகாரம் தேடலாம் என்று சிலர் கூறினர். கட்டணமின்றி, வழக்கறிஞரின்றி அங்கே முறையிடலாம் என்பது மெய்யே. ஆயினும் போனஸ் விதி பாலிசியிலேயே எழுதப்பட்டிருப்பதால், விதியை மாற்ற வேண்டிய இடம் ஹைதராபாத்திலுள்ள ஒழுங்குமுறை ஆணையம்தான். அதற்கொரு விண்ணப்பம் வரைந்திருக்கிறோம். தமிழில் இரண்டு பக்கம், ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். வாசித்துத் திருத்தம் சொல்லவும் கையொப்பமிடவும் விரும்பும் அன்பர்கள் தெரிவிக்கலாம்.