மயக்க மருந்தும் 200 ரூபாய் அபராதமும்

புதுதில்லி: மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. பிராணிகளை அறுத்துச் செய்யும் சோதனைகளை, இயன்றவரை வலி தெரியாதபடி மயக்க மருந்து கொடுத்தே நடத்த வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. மேற்பார்வைக் குழுவின் உத்தரவையோ நிபந்தனையையோ மீறினால் 20-ஆவது பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவை வெளியிட்டபோதும் அதே தொகைதான் நடைமுறையில் இருந்தது.

அவையில் வதை என்று பேச்செழுந்தால் உறுப்பினர்கள் பெரும்பாலும் தெருநாயோடு நின்றுவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்து எலிக்குக் குரல் இல்லை.

மூளையில் டோபமின் போன்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள்களை அளக்கும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். எலியை மயக்கி, தலையை அசையாமல் பொருத்தி, மண்டையோட்டில் துளையிட்டு, நுனியில் சவ்வுள்ள நுண்குழாயை உள்ளே செலுத்துகின்றனர். நிமிடத்துக்கு ஓரிரு மைக்ரோலிட்டர் உப்புத் திரவம் அதன்வழியே ஓடுகிறது. சவ்வின் வழியாக அதில் கசிந்து சேரும் வேதிப்பொருளே அளக்கப்படுகிறது.

இது வீண் வேலையன்று. 1950-களில் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தி வேரில் உள்ள ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார்; அவை அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காஞ்சிரங்குளத்திலிருந்து நடுங்கும் கையோடு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்குப் பேருந்து ஏறும் பார்க்கின்சன் நோயாளிக்கு இன்றும் முதன்மையான மருந்து அந்த எல்-டோபாவே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மயக்க மருந்தே மூளையின் வேதிப்பொருள் அளவுகளை மாற்றிவிடும். யூரித்தேன் ஒரு விதமாக, கெட்டமின் வேறு விதமாக. எனவே மயக்கத்தில் குழாயைப் பொருத்தி, எலி தேறியபின் விழிப்பு நிலையில் அளப்பதும் உண்டு. கணக்கு துல்லியமாகிறது, ஆனால் அறுவைக்குப் பிந்தைய வலியை எலி தாங்க வேண்டியிருக்கிறது.

எந்த முறை, எத்தனை எலிகள், வலிநிவாரணி தரப்பட்டதா என்று கேட்க வேண்டியது ஒவ்வொரு நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு. 1998-ஆம் ஆண்டு விதிகள் வெளியார் ஒருவரையும் அதில் அமர்த்தச் சொல்கின்றன. அவருக்கு இந்த நுட்பம் புரியாவிட்டால் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். புரிந்து, அவர் ஒரு நிபந்தனை விதித்தாலும் அதை மீறுவதன் விலை 200 ரூபாய். அந்த எண்ணை மாற்றுவதற்கு ஆராய்ச்சியாளர் எவரும் அஞ்சத் தேவையில்லை. முறையாக நடப்பவர் அதைக் கட்டப் போவதில்லை. திருத்த மசோதா அவைக்கு வரும்போது 20-ஆவது பிரிவைப் பற்றி ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்க வேண்டும்.