1000 வாட் எதுக்கு மச்சான்?

மின்சார சைக்கிள் வாங்கப் போறவரிட முதல் கேள்வி, "எத்தின வாட்?" கண்டியில கேட்டா நியாயம். மட்டக்களப்பில கல்லடிப் பாலத்தை விட்டா ஏறுறதுக்கு என்ன மேடு கிடக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தில சாதாரண மின்சைக்கிளுக்கு உச்ச அளவே 250 வாட்தான். 25 கிலோமீற்றர் வேகத்தோட மோட்டார் உதவி நின்றுவிடும். நமக்கு மேடு என்றால் அது கச்சான் காற்றுதான். அது முகத்தில அடிக்கிற நேரம் அந்த வேகத்துக்கு 250 வாட் காணாது, ஒத்துக்கொள்றன். 18க்குக் குறைச்சு மிதிங்க, காணும். அஞ்சு நிமிசம் பிந்தினா ஒண்டும் குடிமுழுகாது.

காத்தான்குடிக் கடைத்தெருவில ஓட்டோவும் பஸ்ஸும் நெருக்கிற நேரம் வாட் வந்து காப்பாத்தாது, ரெண்டு சில்லிலயும் நல்ல பிரேக் இருந்தாத்தான் உயிர் தப்பும். அதை எத்தின பேர் கேட்கிறாங்க?

2022 ஜூனில பெற்றோல் லீற்றர் 470 ரூபாயான நேரம் சைக்கிளைத் தூசு தட்டினவங்கள்தான் நாம. இப்ப பெரிய மோட்டாருக்குக் காசைக் கொட்டிட்டு, அது குடிக்கிற பற்றரிக்கும் கொட்டுறம். கடைக்காரர் "ஒரு சார்ஜில 80 கிலோமீற்றர்" என்றால் பற்றரியில எழுதியிருக்கிறதைப் பாருங்க: 36 வோல்ற், 10 அம்பியர்-மணி. பெருக்கினா 360 வாட்-மணி. மிதிக்காம ஓடினா கிலோமீற்றருக்குப் பத்தாவது போகும். மிச்சத்தை அவருக்கு முன்னாலயே வகுத்துக் காட்டுங்க.