ஒடுக்கு எடுக்கும் அவசரம்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காரில் சிறிய ஒடுக்கு ஒன்று விழுந்துவிட்டால், அதை அந்த வாரத்திலேயே பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தே தீர வேண்டும், அப்படிச் செய்யாதவன் கஞ்சனாகவோ பொறுப்பற்றவனாகவோதான் இருக்க வேண்டும் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "இன்னுமா சார் இதைப் பார்க்கலை?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், அந்த வண்டியில் கல்யாணத்துக்குப் போய் இறங்க வீட்டார் கூசுகிறார்கள். காரணம் கேட்டால், விற்கும்போது விலை போகாது என்பார்கள்; இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்பார்கள்; விட்டால் துருப்பிடித்துவிடும் என்பார்கள். இவற்றுள் கடைசியில் மட்டுமே பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியையும் ஜனங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு, துருவுக்குப் பயந்து துருவையே விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

தொழிற்சாலையில் காரின் கூடு முழுவதும் தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் துணையால் துருத்தடுப்புப் பூச்சு மூலைமுடுக்கெல்லாம் படியச் செய்யப்பட்டு, அதன்மேல் பிரைமரும் நிறமும் கிளியர் கோட்டும் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுகி வெளிவருகிறது. இவ்வளவும் சேர்ந்து 100 மைக்ரான் சொச்சம், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். ஆயினும் வெயிலிலும் மழையிலும் பத்து வருஷம் தகட்டைக் காத்து நிற்பது அதுவே. சீட்டும் வயரும் ரப்பரும் பெட்ரோலும் உள்ள முழு வண்டிக்கு அந்தச் சூட்டை எந்தப் பட்டறையாலும் கொடுக்க இயலாது. நல்ல பெயின்ட் பூத் உள்ள இடத்தில்கூட 60 டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தெருவோரப் பட்டறையில் வெயிலில் காயவைப்பதோடு சரி.

ஒடுக்கு எடுப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உள்வாங்கியிருக்கிறது. பெயின்ட் எங்கும் வெடிக்கவில்லை, விரலால் தடவினால் வழவழப்புக் குன்றவில்லை. அந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அளவையும் கிரைண்டரால் தேய்த்துத் தகட்டைப் பளபளவென்று வெளிக்கொணர்கிறார்கள். சுத்தியால் தட்டி ஏறக்குறைய நேராக்கி, நேராகாத மிச்சத்தின்மேல் பட்டியை அப்பி, காய்ந்ததும் எமரித்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது; அந்த ஈரம் வற்றுமுன் அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால், தகட்டை அரிப்பதற்கு வேண்டியதையெல்லாம் நாமே உள்ளே வைத்து மூடியவர்களாகிறோம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் உப்புக்காற்றில் நிற்கும் பழைய வண்டிகளைப் பாருங்கள்: பட்டி போட்ட இடத்தின் விளிம்பில் கொப்புளம் கிளம்பியிருக்கும், அதை நகத்தால் நிமிண்டினால் பழுப்புத் தூளாக உதிரும். பெயின்டைக் குலைக்காமல் உட்புறமிருந்து கம்பியால் நெம்பி ஒடுக்கு எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் கை போவது கிரைண்டருக்குத்தான்.

இன்சூரன்ஸ் விஷயம் இதைவிடத் தெளிவானது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். பத்து வருஷம் தாண்டிய வண்டியாயின் இரும்புப் பாகங்களுக்கும் பாதிதான். பெயின்ட் சாமான் செலவிலும் பாதி கழியும். இவற்றுக்கு மேல், ஒவ்வொரு கிளெய்முக்கும் 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2000 ரூபாயும் உரிமையாளர் தலையில் விழும். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தை எட்டிய நோ கிளெய்ம் போனஸ், ஒரு பம்பர் கீறலுக்காகக் கையெழுத்திட்ட மாத்திரத்தில் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். இலவசம் என்று எண்ணி வாங்கும் பரிகாரத்துக்கு இவ்வளவும் விலை.

விற்பனையைப் பற்றிய பயமும் ஆதாரமற்றது. பழைய கார் வாங்குகிற வியாபாரி இப்போது பெயின்டின் கனத்தை அளக்கும் சிறு கருவியுடன் வருகிறார். ஒடுக்கு விழுந்த கதவில் தொழிற்சாலைக் கனம் இருந்தால், இது வெறும் ஒடுக்கு என்று கண்ணால் கண்டு ஒரு தொகையைக் குறைத்துக்கொண்டு போவார். பட்டியின் கனம் காட்டினாலோ, பெரிய விபத்து ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகத்தில் வண்டி முழுவதற்குமே விலையைத் தாழ்த்துவார். மேலும், வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு புது நிறம் ஒத்துப்போகாது. ஒரு கதவுக்கென்று தொடங்கிய வேலை, நிறம் சேர்ப்பதற்காக அடுத்த கதவுக்கும் ஃபெண்டருக்கும் பரவும். கௌரவம் என்பவர்களுக்கு என் பதில், ஒடுக்கு விழுந்த பித்தளைக் குடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நம் குடும்பங்களின் கௌரவம் அதனால் குறைந்ததில்லை என்பதுதான்.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா என்றால், அதுவன்று என் கட்சி. கீறல் தகடுவரை இறங்கி இரும்பு தெரிந்தால், ஒடுக்கே இல்லாவிட்டாலும், அடுத்த மழைக்குமுன் அதைத் துடைத்துப் பிரைமரும் நிறமும் தொட்டு மூடிவிட வேண்டும். ஜனங்கள் அலட்சியம் செய்வது பெரும்பாலும் இதைத்தான், ஏனெனில் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை. சக்கரத்தின்மேல் வளைந்த தகடு டயரை உரசினால், கதவு சரியாக மூடாவிட்டால், ஹெட்லைட் திசை மாறியிருந்தால், பம்பரின் பின்னுள்ள இரும்புச் சட்டம் வளைந்திருந்தால், அன்றே பட்டறைக்குப் போக வேண்டும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. கதவைப் பளபளப்பாக்கிக்கொண்டு வெளிவரும் அதே வண்டியின் டயர்களில் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் என்னும் சட்ட வரம்பை நெருங்கியிருக்கிறது. பக்கச்சுவரில் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நான்கு இலக்கங்களை எவரும் குனிந்து பார்த்ததில்லை. காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கொதிநிலை தாழ்ந்துபோன பிரேக் ஆயிலோடு அந்தக் குடும்பம் கோடை விடுமுறையில் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறது. கதவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் இந்த இரண்டையும் மாற்றுங்கள்.