தண்ணீர் ஊற்றினால் பழுது தீர்ந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, காட்டமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வைத்திருக்கும் நம்மில் பலர் டிக்கியில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலோடுதான் திரிகிறோம். "லேசாதான் ஒழுகுது சார், அப்பப்ப தண்ணி ஊத்திக்கிட்டா போதும்" என்று என்னிடமே சொல்கிறார்கள். சொல்பவர்கள் அழுத்தமும் கொதிநிலையும் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்! சிலர் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுகிறார்கள். மஞ்சள் ஓட்டையை அடைக்கலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

குக்கர் பாடம் நினைவிருக்கிறதா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலைதான் பார்க்கிறது. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஒழுகினால் தண்ணீரோடு அந்த அழுத்தமும் போய்விடுகிறது. பிறகு 100 டிகிரியிலேயே கொதிக்கும், எஞ்சின் சூடேறும். பல கார்களில் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் வளைந்தால் கேஸ்கெட் போகும். அப்புறம் செலவு பல ஆயிரம்.

போன மாதம் என்னுடைய 18 வயதுக் காரும் ஒழுகியது. ஒரு பட்டறையில் பானெட்டைத் திறந்த வேகத்தில் "ரேடியேட்டரையே மாத்தணும்" என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அன்று இரவு காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ஈரம் கீழ் ஹோஸுக்கு நேர் கீழே இருந்தது. ஹோஸின் நுனியில் கூலண்ட் காய்ந்து பச்சையாகப் பொருக்குத் தட்டியிருந்தது, ரப்பர் வெடித்திருந்தது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் 400 ரூபாய்க்குள் முடிந்தன. பழைய ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு உடையும். திருகித்தான் கழற்ற வேண்டும். பிறகு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஓடவிட்டேன். அவ்வளவுதான் வேலை.

போட்டோவைப் பார்த்த என் தங்கை மகன், "மாமா, இந்த வயசுல கார் அடியில படுக்கணுமா? ஆள் வச்சுக்கலாமே" என்கிறான். வயதா அவனுக்கு உறுத்தல்? வாத்தியார் கையில் கிரீஸ் இருந்ததுதான். படித்தவன் கை அழுக்காகக் கூடாது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைக் கௌரவம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யச் சொல்லவில்லை. எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறினாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ மெக்கானிக்கிடம் போங்கள். பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிறவரிடம் போங்கள். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

வடித்த கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். அது இனிக்கும். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு காலை 6.30 மணிக்கு வாருங்கள். காரை மட்டும் சனிக்கிழமை இரவே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு நான் மூடியைத் திறக்கமாட்டேன், உங்களையும் திறக்க விடமாட்டேன்.