துள்ளல் மெட்டில் ஒரு பேரழிவு

எண்பதுகளின் மின்னிசைக் குழுக்களின் பாடல்களில் இயந்திரமே உண்டு, மனிதன் இல்லை என்று கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்றை நான் ஏற்பதில்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள விர்ரல் தீபகற்பத்திலிருந்து அன்டி மக்ளஸ்கியும் போல் ஹம்ப்ரீஸும் 1978 இல் ஆரம்பித்த ஓ.எம்.டி. குழுவே எனது சாட்சி.

அவர்களது பாடல்களில் எனக்கு முதன்மையானது 'எனோலா கே' (1980). 1945 ஓகஸ்ட் 6 இல் ஹிரோஷிமா மீது அணுகுண்டை வீசிய விமானத்தின் பெயர் அது. விமானி போல் திபெட்ஸ் தனது தாயாரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். பெற்றவளின் பெயரைத் தாங்கிச் சென்று ஒரு நகரை எரித்த கொடுமையை இக்குழுவினர் துள்ளல் மெட்டில் பாடினர். பேரழிவுக்கு ஆட்ட மெட்டா என முகஞ்சுளிப்போருக்கு எனது பதில் இதுதான்: ஒப்பாரியாக வந்திருந்தால் ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்திருப்போம். கால்கள் தாளமிடும்போது விமானத்தின் பெயர் நினைவுக்கு வருகிறதே, அந்தச் சங்கடமே பாடலின் வெற்றி.

1981 இல் வெளியான இசைத்தட்டில் ஜோன் ஒஃப் ஆர்க் பற்றி இரண்டு பாடல்கள்! இரண்டுமே பிரித்தானியாவில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. இரைச்சலோடு தொடங்கும் 'மெயிட் ஒஃப் ஓர்லியன்ஸ்' எனது தெரிவு.

சிற்றலை வானொலி ஒலிகளைக் கோர்த்த 'டாஸில் ஷிப்ஸ்' (1983) விற்பனையில் வீழ்ந்தது. பத்திரிகைக்காரனான எனக்கு அது நெருக்கமானது. விமர்சகர்கள் பிற்காலத்திலேயே அதனை மெச்சினர். அத்தோல்வியின் பின் குழு இலகுவான பாதைக்குத் திரும்பியது. அமெரிக்காவில் நான்காம் இடத்தை எட்டிய 'இஃப் யூ லீவ்' (1986) இனிமையானதுதான். ஆனால் அதனை நான் தேடிக் கேட்பதில்லை.